கழற்றினதைத் திருப்பி மாட்டாதவர்

மாமா எந்தக் கம்ப்யூட்டரையும் திறப்பதற்கு முன்னால் அதன் மேல் காதை வைத்துக் கேட்பார். டாக்டர் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. கண்ணை மட்டும் மூடமாட்டார். எதிரில் நிற்கிற நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து, "உள்ள ஒருத்தன் சரியில்ல பாப்பா" என்பார். பெட்டிக்குள் இருக்கிற எல்லாமே அவருக்கு ஒருத்தன், இன்னொருத்தன்தான். ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். பெயரைச் சொன்னால் செஞ்சிக் கூட்டுரோட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் மாமா என்றே இருக்கட்டும். பழைய சாமான்களை வைத்துக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் கடை. மூடிப்போன பிரவுசிங் சென்டர், பள்ளிக்கூடம் ஏலம் விட்ட லேப், தண்ணீர் புகுந்த ஆபீஸ் என்று எங்கிருந்து எது வந்தாலும் துடைத்து, காயவைத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து ஓடவைத்துவிடுவார். புது மெஷின் வாங்க வழியில்லாத எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அவர் பெரிய ஆள்தான். திருவண்ணாமலை ரோட்டில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் ஆன்லைன் விண்ணப்பமும் போடுகிற கடை வைக்கிறேன் என்று நான் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி கடை?" என்று எங்கள் நைனா குதித்தார். மாமாதான் பேசி வழிக்குக் கொண்டுவந்தார். "உட்டுத்தான் பாருங்களேன். ஓடலனா மூடிக்கலாம்" என்றார். கடைக்குக் கம்ப்யூட்டரும் அவரே சேர்த்துக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து, பெண் பார்க்கப் போன இடத்தில் சொந்தக்காரர்களைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார். "இந்த போர்டு ஒரு சீட்டுக் கம்பெனில இருந்தவன், நல்ல உழைப்பாளி. இந்த டிஸ்க்கு கல்யாண ஸ்டுடியோவுல இருந்து வந்தவன். கொஞ்சம் வயசாயிடுச்சு, அதட்டாம வேல வாங்கு." சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிப் போயிற்று. அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மெஷின் ஸ்லோ என்று யாராவது கொண்டுவந்தால் அவரிடம் ஒரே வழிதான். "ஒண்ண கழட்டு. ஓடுதானு பாரு. ஓடலனா அடுத்தத கழட்டு. ஒரே நேரத்துல ரெண்டு பேர் மேல சந்தேகம் வெக்கக்கூடாது." தொழில் தெரிந்த யாரும் இதைத்தான் செய்வார்கள். மாமாவிடம் கூடுதலாக இன்னொன்று இருந்தது. ஒருமுறை சந்தேகப்பட்டுக் கழற்றிய சாமானைத் திருப்பி மாட்டமாட்டார். அதன் மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் மாட்டமாட்டார். பெஞ்சுக்கு அடியில் தக்காளி அடுக்குகிற நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். கிரேடு என்பார்கள். கழற்றியதெல்லாம் அதில் போய் விழும். "நல்லாத்தான மாமா இருக்குது, இத ஏன் தூக்கிப் போடறீங்க?" என்று கேட்டால், "திருப்பி மாட்டினா சந்தேகமும் கூடவே திரும்பி வந்துடும் பாப்பா" என்பார்.

சந்தேகப்படாத பொருள் என்று அவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் சட்டைப்பையில் இருக்கும் ரேம். விரலைவிடக் கொஞ்சம் நீளமான பச்சை அட்டை. வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தன் நினைவை வைத்துக்கொள்கிற இடம் அதுதான். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் சாம்பல் மடித்துக் கொடுத்த தாளிலேயே அதைச் சுற்றி வைத்திருப்பார். எந்த மெஷின் வந்தாலும் முதலில் அதிலிருக்கிற ரேமைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, அதன் தங்கப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுவார். "இவன் சுத்தமானவன். இனிமே ரேம் மேல சந்தேகமே இல்ல. மத்தவங்கள பாப்போம்" என்று அப்புறம்தான் வேலையை ஆரம்பிப்பார்.

இந்த வழியை அவர் மெஷினோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் எதற்கு இதை எழுதப்போகிறேன்?

ஒரு சமயம் அவருக்கு ஓயாத வயிற்றுவலி. ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் முதலில் டீயை நிறுத்தினார். வலி நிற்கவில்லை. தயிரை நிறுத்தினார். கத்திரிக்காய், புளி, கறி, முட்டை என்று வரிசையாக நிறுத்திக்கொண்டே போனார். கடைசியில் வலி தானாகவே நின்றது. நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிடுவதுதானே மனுஷ வழக்கம்? அவர் சாப்பிடவில்லை. உப்புக் கஞ்சியோடு நின்றுவிட்டார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தனை பேரும் கறிக்குழம்பு சாப்பிடும்போது அவர் மட்டும் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா மாமா, சாமியாரா போவப் போறீங்களா?" என்று கிண்டல் பண்ணினேன். "அதுங்க இல்லாம நல்லாத்தான ஓடுது" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்கிறது.

பிறகு அவருக்குத் தூக்கம் போனது. தலை எப்போதும் கனமாக இருக்கிறது என்பார். கடையும் படுத்துக்கொண்டே வந்தது. அவரிடம் கொண்டுவந்த மெஷின் சரியாகாமலே வீட்டுக்குத் திரும்பிப் போக ஆரம்பித்தது. அதிலிருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அப்படியே நின்றது. ஊரில் பேச்சு கிளம்பியது. ஒருநாள் அக்காவிடம், "வீடே ஸ்லோவா ஓடுது. உள்ள யாரோ ஒருத்தர் சரியில்ல" என்றாராம்.

முதலில் அவருடைய அம்மா. பனமலை ஏரிக்கரை ஊரில் இருக்கிற தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. "ஒரு மாசம் அங்க இரும்மா, பாப்போம்" என்று சிரித்த முகமாகவே சொன்னார். அந்த அம்மாவும் ஏதோ விருந்தாடப் போகிற மாதிரிதான் பஸ் ஏறினார்கள். மாசம் முடிந்தது. தூக்கம் வரவில்லை, தலையும் இறங்கவில்லை. ஆனால் அம்மாவைத் திருப்பிக் கூட்டிவரவும் இல்லை. அந்த அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "வரேன்மா, பாப்போம்மா" என்பார். ஏரி நிரம்பியிருந்த ஒரு மழைக்காலத்தில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காரியம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, மாமா என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"அப்ப அது அம்மா இல்ல பாப்பா."

அவர் முகத்தில் அழுகையும் இல்லை, கல்மனசும் இல்லை. ஒரு சாமானைக் கழற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கிற முகம் அது.

அடுத்து, படித்த காலத்திலிருந்து அவரோடு ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்த கூட்டாளி. அவரையும் ஒரு மாசம் என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த மனுஷன் என் கடை வாசலில் வந்து நின்று, "நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்று கண் கலங்கினார். கேட்டேன். "தப்பா? அவன் மேல ஒரு தப்பும் இல்லயே" என்று மாமா ஆச்சரியப்பட்டார்.

மூன்றாவதாக அக்காவின் முறை வந்தது.

ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கூட யாரும் இல்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கிற அவள் மகளை, நாங்கள் குட்டி என்று கூப்பிடுகிற பிள்ளையை, மாமா அனுப்பவில்லை.

"கோவமெல்லாம் இல்லடி. ஒரு மாசம் இருந்துட்டு வா, பாப்போம்னாரு. குட்டி இருக்கட்டும், ஒரே நேரத்துல ரெண்டு பேர அனுப்பினா யாருனு தெரியாதுன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? பாவம்டி, அவருக்குத் தூக்கமே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடித்திருப்பேன். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், அவருக்குத் தூக்கம் இல்லையாம்! நைனா போய்ப் பேசினார். "ஒண்ணுமில்லங்க, பாத்துட்டு இருக்கேன்" என்று மாமா மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். மாசம் முடிந்தும் அழைப்பு வரவில்லை. தினமும் சாயந்திரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குட்டிக்குத் தலை வாரத் தெரியுமா அவருக்கு, சிக்கெடுத்தால் அழுவாளே என்று தானாகப் பேசிக்கொள்வாள். அந்தப் பிள்ளை அம்மாவிடம் வந்து சேருமா சேராதா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

அந்தச் சமயம் பார்த்து என் கடைக் கம்ப்யூட்டரும் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஆள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மாமாவைக் கூப்பிட எனக்குத் துளியும் மனசில்லை. ஆனால் அவர் வந்தால் குட்டியைப் பற்றிப் பேசலாமே என்று கூப்பிட்டேன். வந்தார். காதை வைத்துக் கேட்டார். என் ரேமைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தன் சட்டைப்பை ரேமை மாட்டினார். வயதான அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு போட்டார். இப்போது வேகமாகத் திறந்தது, ஆனால் நடுநடுவே அப்படியே உறைந்து நின்றது. திரையில் படம் காட்டுகிற கார்டை மாற்றினார், அப்போதும் நின்றது. மறுநாள் மின்சாரம் கொடுக்கிற பெட்டியை மாற்றினார், அதற்கும் அசையவில்லை. "போர்டுதான். அந்த உழைப்பாளிய கழட்டிட வேண்டியதுதான்" என்றார். குட்டியைப் பற்றி எடுத்தால் மட்டும் திருப்புளியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அவர் குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனார். என் எதிரில் ஒரு பெண் விண்ணப்பம் போட வந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் கடைசி நாள். மெஷின் மறுபடி உறைந்து நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் கழற்றி வைத்திருந்த என் ரேமை எடுத்து, அவர் செய்கிற மாதிரியே ரப்பரால் தேய்த்து, அவருடையதைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டினேன். ஓடியது. குதிரை மாதிரி ஓடியது. விண்ணப்பத்தை முடித்து அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, சந்தேகத்துக்கு அவருடையதை மறுபடி மாட்டிப் பார்த்தேன். உறைந்தது. என்னுடையதை மாட்டினேன். ஓடியது.

கையில் அந்தப் பச்சை அட்டையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கெட்டுப் போயிருந்தது பழைய டிஸ்க் ஒன்றுதான். அதை அவர் முதலிலேயே எடுத்துவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. அதற்குப் பிறகு மெஷினை நிறுத்தியதெல்லாம் அவருடைய சுத்தமானவன்தான். சாம்பல் கெடுத்ததோ, வேர்வை கெடுத்ததோ, அது போய் எத்தனை காலம் ஆயிற்றோ. அதை மாட்டி வைத்துக்கொண்டு ஊரார் மெஷினில் இருந்த நல்லதையெல்லாம் கழற்றிக் கிரேடில் போட்டிருக்கிறார்.

குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்குத் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"மாமா, கொஞ்சம் இங்க பாருங்க" என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். பார்த்தார்.

"உங்க ரேம்தான் மாமா போயிருக்குது. எல்லாத்தையும் இத வெச்சித்தான பாத்தீங்க? அப்ப நீங்க கழட்டினது எல்லாம் நல்லதுதான? ஒருத்தர் மேலயும் தப்பு இல்லதான?"

நான் மெஷினைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் குட்டியின் சிக்குத் தலையைத் தடவினார். இதோ, இப்போது உடைந்துவிடுவார், அக்காவைக் கூட்டிப்போக வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்து அந்த ரேமை வாங்கினார். சட்டையில் துடைத்தார். தாளில் சுற்றினார். பையில் போட்டுக்கொண்டார்.

"போர்டு சரியில்லனா நல்ல ரேமையும் கெட்டதா காட்டும் பாப்பா" என்றார்.

கடைக்குள் காற்றே இல்லாத மாதிரி இருந்தது. ராஜகிரிக் கோட்டை மலைப் பாறை பகலெல்லாம் வாங்கின வெயிலைத் திருப்பி விடுகிற நேரம். குட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, நாளைலேர்ந்து நான் ஹாஸ்டல்ல இருக்கணுமாம். ஒரு மாசம் பாக்கலாம்னு எங்க நைனா சொல்லிச்சு."

மாமா மறுபடி அவள் கையைப் பிடித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. "ஹாஸ்டலுமாச்சு ஒண்ணுமாச்சு! புள்ள இங்கதான் இருப்பா. கைய உடுங்க!" என்று கத்தினேன். இழுபறி ஆகும், ரோட்டில் கூட்டம் கூடும் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவர் உடனே கையை விட்டுவிட்டார்.

"வெச்சிக்க. பாப்போம்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவ்வளவு சுலபமாக அவர் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்த கையோடு, "என்னப் பத்தி எதனா கேட்டாரா?" என்றாள். "உனக்குச் சூடு சொரணயே கெடையாதா?" என்று வைதேன்.

அமாவாசை அன்று, அக்கா என் கடையில் இருந்தபோது, அவரிடமிருந்து போன் வந்தது. ரோட்டில் மேல்மலையனூர் போகிற சிறப்புப் பேருந்துகள் ஹார்ன் அடித்துக்கொண்டே போயின. காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாப்பா, வீட்ல எல்லாத்தையும் கழட்டிட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்குது. தூக்கம் வரல."

"மாமா, எங்க இருக்கீங்க?"

"இனி ஒருத்தன்தான் பாப்பா மிச்சம். ஒரு மாசம் பாருங்க."

போன் நின்றது. அக்கா செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். ஆட்டோ பிடித்துப் போனபோது அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெஞ்சுக்கு அடியில் அந்த நீல கிரேடு. அதில் கிடந்த சாமான்களுக்கெல்லாம் மேலே அவர் போனும், சாம்பல் தாளில் சுற்றிய ரேமும் இருந்தன. கடைசியில் அதையும் கழற்றிவிட்டார். அந்தத் தாளைக் கையில் எடுத்தேன். இதைத்தானே மனுஷா நான் அன்றைக்கே சொன்னேன்!

கோட்டைக் குளம், வயக்காட்டுக் கிணறு எல்லாம் ஆள் விட்டுப் பார்த்தோம். போலீசிலும் சொன்னோம். மேல்மலையனூர் பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறினார் என்று டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அங்கேயும் ஓடினோம். அமாவாசைக் கூட்டத்தில் யாரை என்று தேடுவது? அக்கா எதிரில் வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அவர் சொன்ன மாசம் ஓடிப்போயிற்று. அக்காவும் குட்டியும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். கூட்டாளி வந்து கடையைத் திறந்தார். கிரேடில் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். முக்கால்வாசி நன்றாகவே இருந்தன. மெஷின்கள் சரியாகிப் போயின, ஆட்கள் திரும்ப வந்தார்கள். குட்டி கறிக்குழம்பு கேட்டு அடம் பிடிக்கிறாள். அக்கா சமைக்கிறாள், சில சமயம் சிரிக்கவும் சிரிக்கிறாள். எல்லாம் நன்றாக ஓடுகிறது. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. நாங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அக்காவுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் எங்கேயோ பஸ் போகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல், பழைய மாதிரியே மெதுவாக.

"இன்னா, இப்ப நல்லா ஓடுதா?"

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குட்டி தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முன்னறையில் கூட்டாளி யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேண்டாம், வரச் சொல்லாதே என்று நான் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இல்லங்க. ஸ்லோவாதான் இருக்குது. நீங்க வந்துடுங்க" என்றாள்.

அதோடு போன் நின்றது. அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டால் யாரோ கடைக்காரர் எடுத்து, அப்படி யாரும் இல்லை என்கிறார். அவர் இன்னும் வரவில்லை. அக்கா தினமும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகக் கஞ்சி வைக்கிறாள், உப்பு மட்டும் போட்டு. நான் சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு நேராக அங்கேதான் போகிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா எழுந்து கதவுக்கு ஓடுகிறாள். நான் குட்டியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.